அலைக்கு முன்னால் வர வேண்டிய செய்தி

மாணவர்களே, கெடா மாநிலத்தின் கடலோரத்தில் யான் என்ற சிறிய ஊர் இருக்கிறது. முதுகுப்புறம் ஜெராய் மலை, முகப்புறம் மலாக்கா நீரிணை, நடுவில் நெல்வயல். குவார் செம்படாக், குருண், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஜெராய் மலை என்பது வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம் மாதிரி, தினமும் கண்ணில் படுவது. ஆனால் வங்காள விரிகுடாவைக் கடந்து கடாரத்துக்கு வந்த பழைய மாலுமிகளுக்கு அந்த மலைதான் கலங்கரை விளக்கம். பூஜாங் பள்ளத்தாக்கில் துறைமுகம் வளர்ந்ததற்கு இந்த மலையும் ஒரு காரணம் என்பார்கள்.

எவ்வளவு தூரத்திலிருந்து அது தெரியும்? நீங்களே கணக்குப் போடலாம். பூமி உருண்டை என்பதால், ஓர் உயரத்திலிருந்து அடிவானம் இருக்கும் தூரத்தைப் பித்தாகரஸ் தேற்றம் கொண்டு கண்டுபிடிக்கலாம். அதைச் சுருக்கினால் ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். வர்க்கமூலம் ஏறக்குறைய 34.9. பெருக்கினால் சுமார் 124 கிலோமீட்டர். பாய்மரக் கப்பலின் தளத்தில் நிற்பவரின் கண், நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு இன்னும் 7 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் 130 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே மலையின் உச்சி தலை நீட்டத் தொடங்கிவிடும்.

ஆனால் மலை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீ எங்கே இருக்கிறாய் என்பது. இந்த நிமிடத்தில் நீர்மட்டம் எவ்வளவு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, தூரத்தில் ஏதாவது பெரிய அலை புறப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் மலைக்குத் தெரியாது. அவற்றைச் சொல்ல இன்று கடலிலும் கரையிலும் கருவிகள் இருக்கின்றன. அவை அளப்பதை அளந்த கையோடு அனுப்பிவிடுவதற்கு நிகழ்நேரக் கண்காணிப்பு என்று பெயர். இதில் அளப்பதைவிட, ‘அளந்த கையோடு’ என்பதுதான் முக்கியம். ஏன் என்று இந்தக் கெடா கரையே நமக்குக் காட்டியிருக்கிறது.

மூன்று மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 8.59-க்குச் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் மிகப்பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல்தரை பிளந்து, பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அங்கிருந்து கிளம்பிய சுனாமி ஆச்சே கரையை அரை மணி நேரத்துக்குள் அடைந்தது. அவர்களுக்குத் தப்பிக்க நேரமே இல்லை. சென்னைக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் எடுத்தது. லங்காவிக்கும் கெடா கரைக்கும் பினாங்குக்கும் வந்து சேர மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

சுமத்ராவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நமக்கு ஏன் சென்னையைவிடத் தாமதமாக வந்தது? சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் 9.8 × 4,000 = 39,200. அதன் வர்க்கமூலம் 198. அதாவது நொடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தின் வேகம். மலாக்கா நீரிணையில் 50 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இதே கணக்கைப் போட்டால் நொடிக்கு 22 மீட்டர்தான், மணிக்கு 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர். சுமத்ரா தீவு குறுக்கே நின்றதால் அலை அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது, வந்த பிறகு ஆழமற்ற நீரிணையில் நடை தளர்ந்தது. வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். ஒரே ஒரு வர்க்கமூலம் ஓர் ஊருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆக, நமக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் வீணாயிற்று. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அவர்களில் 12 பேர் கெடாவைச் சேர்ந்தவர்கள். யானுக்குத் தெற்கே கோத்தா கோலா மூடாவில் மீன்பிடிப் படகுகள் கரைமேல் தூக்கி எறியப்பட்டன. அந்தப் படகுகளில் சிலவற்றை நினைவுச்சின்னமாக அங்கே இன்றும் பார்க்கலாம்.

கருவிகளே இல்லாமல் போனதால் இப்படி நடந்ததா? இல்லை என்பதுதான் நெஞ்சை உறுத்தும் விஷயம். நிலநடுக்க அளவிகள் அதிர்வைச் சில நிமிடங்களில் கண்டன. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி மையம் 15 நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்று இருந்தது. உண்மையான அளவு 9.1 என்பது பிறகுதான் தெரிந்தது. கடல் எப்படி எழுந்தது என்று சொல்ல இந்தியப் பெருங்கடலில் அந்த மையத்துக்கு உடனுக்குடன் தரவு அனுப்பிய நிலையங்கள் மிகச் சிலவே. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்காள விரிகுடாவின் மேலே பறந்தது. திறந்த கடலில் சுனாமியின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் என்று அது அளந்தும் விட்டது. அந்தத் தரவு கணினியில் சரிசெய்யப்பட்டு ஆய்வாளர் கைக்கு வரப் பல மணி நேரம் ஆனது. லங்காவியிலும் பினாங்கிலும் இருந்த கடல்மட்ட அளவிகளும் தம் வேலையைச் சரியாகச் செய்தன. அலை வந்தபோது அலையைப் பதிவு செய்தன. இன்றும் அந்த வரைபடங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருக்கின்றன.

பதிவு செய்வது வேறு, செய்தி சொல்வது வேறு. வீட்டில் திருடன் வந்துபோனதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது, ஆனால் மணி அடிக்கவில்லை என்றால் என்ன பயன்?

கடலடியிலிருந்து கைப்பேசி வரை

2004-க்குப் பிறகு இந்த இடைவெளியை அடைக்கும் வேலை தொடங்கியது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை 2005-இல் தேசிய சுனாமி முன்னெச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. கெடா, பினாங்கு உட்படக் கடலோரங்களில் அபாயச் சங்குகள் பொருத்தப்பட்டன. இந்தியாவின் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2007-இல் தன் சுனாமி மையத்தைத் திறந்தது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இந்தியப் பெருங்கடல் கரையோர நாடுகள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கைத் தகவல் தருகின்றன.

இவற்றின் காது எங்கே இருக்கிறது தெரியுமா? கடலின் அடித்தரையில். அங்கே ஓர் அழுத்த உணரி உட்கார்ந்திருக்கும். 10 மீட்டர் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 400 வளிமண்டல அழுத்தம் அந்தக் கருவியின் தலைமேல் இருக்கிறது. அந்தச் சுமையில் ஒரே ஒரு சென்டிமீட்டர் நீர் கூடினாலும் அது கண்டுபிடித்துவிடும். 4,000 மீட்டர் என்றால் நான்கு இலட்சம் சென்டிமீட்டர். நான்கு இலட்சத்தில் ஒன்று! பள்ளி ஆய்வகத் தராசு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, சாதாரணக் காற்று அலைகள் அதைக் குழப்பாதா? குழப்பாது. காற்றினால் எழும் அலையின் ஆட்டம், அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே ஏறக்குறைய அடங்கிவிடும். சுனாமியின் அலைநீளமோ நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், ஆகவே அது மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை நீர் முழுவதையும் அசைக்கிறது. ஆழத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்தக் கருவிக்கு வடிகட்டி.

வானொலி அலை உப்பு நீருக்குள் சிறிது தூரமே போகும். ஆகவே உணரி, தான் கண்டதை ஒலியாக மேலே அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் போகும். 4,000 மீட்டரைக் கடக்க மூன்று நொடிகூட ஆகாது. மேலே மிதவை ஒன்று அதைக் கேட்டு, வானொலி அலையாக மாற்றிச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் என்றாலும், ஏறி இறங்கக் கால் நொடிதான். மணிக்கு 700 கிலோமீட்டரில் ஓடும் அலையைக் காட்டிலும் செய்தி எவ்வளவோ முன்னால் வந்துவிடுகிறது. மீதி நேரம் மனிதர்கள் முடிவெடுப்பதற்கு.

இந்த அமைப்பு நம் பக்கத்தில் உண்மையாகச் சோதிக்கப்பட்ட நாள் 2012 ஏப்ரல் 11. மாலை 4.38-க்குச் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம். பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் கரைகளுக்கு எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையைவிட்டு நகர்ந்தார்கள். ஆனால் பெரிய சுனாமி வரவில்லை. காரணம், இந்த முறை கடல்தரைப் பாறைகள் மேலும் கீழுமாக எழும்பவில்லை, பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. வாளி நீருக்கு அடியில் கையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துவதற்கும் மேலே தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆழ்கடல் உணரிகளில் சில சென்டிமீட்டர் உயரமே பதிவாகியிருந்தது. கரையோர அளவிகளும் அதை உறுதிசெய்தன. அன்றிரவே எச்சரிக்கை நீக்கப்பட்டது.

‘அப்படியானால் அது தவறான எச்சரிக்கைதானே’ என்று வகுப்பில் கேட்பார்கள். என் கருத்து வேறு. எச்சரிக்கையை எழுப்பியது நிலநடுக்கம், அதை நிறுத்தியது கடலின் அளவீடு. அளவீடு உடனுக்குடன் கிடைக்காவிட்டால் விடியும்வரை எல்லாரும் மேட்டில் காத்திருந்திருப்பார்கள். அப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாம் தடவை யாரும் சங்கைச் சட்டை செய்யமாட்டார்கள்.

அட்டவணைக்குத் தெரியாதது

சுனாமி அபூர்வம். கடல்மட்ட அளவியின் அன்றாட வேலை வேறு: கடல் பெருக்கையும் வற்றையும் அளப்பது. மலாய்க்காரர்கள் ஆயிர் பாசாங், ஆயிர் சூரூட் என்பார்கள். நம் கரையில் நாளுக்கு இரண்டு முறை பெருகி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிட இடைவெளி.

பழைய முறைக் கடல்மட்ட அளவி மிக எளிமையானது, நீங்களும் செய்யலாம். அரை மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாயின் அடியை மூடி, அதில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை போடுங்கள். தண்ணீர் நிறைந்த வாளிக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். உள்ளேயும் வெளியேயும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும், வெளியே கையால் அலை எழுப்புங்கள். குழாய்க்குள் நீர் அசையாமல் நிற்பதைக் காண்பீர்கள். இப்போது வாளியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே மட்டம் உயரும். வேகமான ஆட்டத்தைத் துளை உள்ளே விடாது, மெதுவான ஏற்றத்தை விடும். துறைமுகப் பாலத்தின் ஓரத்தில் நிற்கும் அளவிக் கிணறு இதேதான், பெரிய அளவில். முன்பு உள்ளே ஒரு மிதப்பான் இருந்து, பேனாவை நகர்த்திக் காகிதத்தில் கோடு போடும். இன்று மேலிருந்து ரேடார் கீழே துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்து வரும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிடுகிறது. (சுனாமி துளை வழியாக நுழையுமா? அதன் ஓர் ஏற்ற இறக்கத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும் என்பதை நினைவில் வைத்து விடை சொல்லுங்கள்.)

மலேசிய நில அளவை, வரைபடத் துறை 1980-களிலிருந்து நாட்டின் கரைகளில் இத்தகைய அளவிகளை வைத்திருக்கிறது. அவற்றில் கிள்ளான் துறைமுகத்து அளவி தனிச் சிறப்புடையது. 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அது அளந்த நீர்மட்டத்தின் சராசரிதான் இன்று தீபகற்ப மலேசியாவில் உயரம் அளக்கும் அடிப்படை. மலை எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்டால், எங்கிருந்து அளப்பது என்ற கேள்விக்குக் கடல்தான் பதில் சொல்கிறது.

பெருக்கும் வற்றும் நிலவாலும் சூரியனாலும் வருபவை. நிலவு எங்கே இருக்கும் என்பதை ஆண்டுக் கணக்கில் முன்கூட்டியே கணிக்கலாம். ஆகவே கடல் பெருக்கு அட்டவணையும் ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. பிறகு எதற்கு நிகழ்நேர அளவீடு?

அட்டவணைக்கு நிலவு தெரியும், காற்று தெரியாது. கரை நோக்கி நாள் முழுக்கப் பலமாகக் காற்றடித்தால் நீர் கரையில் குவியும். காற்றழுத்தம் குறைந்தாலும் கடல் எழும்பும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். 10 குறைந்தால் 10 சென்டிமீட்டர். பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய பெரிய பெருக்கோடு இவை சேர்ந்துகொண்டால் அட்டவணையில் இல்லாத உயரத்தில் நீர் வந்து நிற்கும்.

யானில் இதன் விளைவை வயலில் பார்க்கலாம். முடா நீர்ப்பாசனப் பகுதியின் நெல்வயல்களுக்கும் கடலுக்கும் இடையே கடலோர மண் அணை ஓடுகிறது. வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் மதகு இருக்கும். கடல் வற்றும்போது மதகைத் திறந்து வயல் நீரை வெளியேற்ற வேண்டும், பெருகும்போது மூட வேண்டும். மூடத் தாமதித்தால் உப்பு நீர் ஏறி நெல் கெடும். கடல் உயர்ந்து நிற்கும் அதே மணி நேரத்தில் ஜெராய் மலையில் கனமழை கொட்டினால் நீர் வெளியேற வழியின்றி ஊருக்குள் தேங்கும். மலைநீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை யான் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி அது மரக்கட்டைகளையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆற்றின் மட்டத்தை இணையத்தில் காட்டும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் தளத்தையும் கடல்மட்ட அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும்.

மூன்றரை மீட்டர்

இப்போது கரையை விட்டு நீரிணையின் நடுவே போவோம். ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியே போகின்றன. உலகின் மிக நெருக்கடியான கடல்பாதைகளில் இது ஒன்று. ஆனால் சில இடங்களில் ஆழம் மிகக் குறைவு. ஆகவே ஒரு விதி உண்டு: இந்த வழியே போகும் கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல்தரைக்கும் இடையே எப்போதும் குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்ணெய் ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று நீருக்குள் 20 மீட்டர் அமிழ்ந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவையான ஆழம் 23.5 மீட்டர். வழியிலுள்ள ஒரு மேட்டில் கடல் வரைபடம் காட்டும் ஆழம் 23 மீட்டர். வரைபடத்தில் உள்ளது கடல் மிகவும் வற்றிய நிலையின் ஆழம். ஆகவே குறைந்தது அரை மீட்டர் பெருக்கு இருக்கும்போதுதான் கப்பல் அதைக் கடக்கலாம். காலை 10 மணிக்கு 0.8 மீட்டர் பெருக்கு என்கிறது அட்டவணை. போகலாமா? அன்றைய காற்றினால் உண்மையான மட்டம் 0.4 மீட்டர்தான் என்று அளவி சொன்னால் போகக் கூடாது. அளவி பேசவில்லை என்றால் மாலுமி அட்டவணையை நம்பிப் போவார்.

அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பு உருவான கதை வருத்தமானது. 1980 மே 9 அன்று புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் திடீர்ப் புயல்மழையில் வழி தெரியாமல் போன சரக்குக் கப்பல் ஒன்று பாலத்தின் தூணில் மோதியது. பாலம் இடிந்து வாகனங்கள் கடலில் விழுந்ததில் 35 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1990-களின் தொடக்கத்தில் அதே விரிகுடாவில் காற்று, நீரோட்டம், நீர்மட்டம் மூன்றையும் உடனுக்குடன் கப்பல்களுக்குச் சொல்லும் முதல் அமைப்பு வந்தது. இன்று அந்நாட்டின் பல துறைமுகங்களில் அது இருக்கிறது. நம் நீரிணையில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் அனைத்துலகக் கடல்சார் அமைப்போடு சேர்ந்து ‘கடல்சார் மின்னணு நெடுஞ்சாலை’ என்ற முன்னோடித் திட்டத்தை நடத்தின. அலை, நீரோட்டம், நீர்மட்டத் தகவல்களைக் கப்பலின் மின்னணு வரைபடத்தோடு இணைப்பதுதான் அதன் நோக்கம்.

எண்ணெய் எங்கே போகும்?

கப்பல் மோதினால் இழப்பு கப்பலோடு முடிவதில்லை. 1992 செப்டம்பரில் நீரிணையின் வடபகுதியில் நாகசாகி ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பலும் ஓஷன் பிளெஸ்ஸிங் என்ற சரக்குக் கப்பலும் மோதித் தீப்பிடித்தன. 44 மாலுமிகள் மாண்டார்கள், பல்லாயிரம் டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. 1997 அக்டோபர் 15 அன்று சிங்கப்பூர் நீரிணையில் இவோய்கோஸ் கப்பலிலிருந்து 28,500 டன் எரிபொருள் எண்ணெய் கொட்டியது. அந்த எண்ணெய் அலைந்து திரிந்து டிசம்பரில் சிலாங்கூர் கரையில் ஏறியது. இரண்டு மாதம் அது கடலில் பயணம் செய்திருக்கிறது!

கொட்டிய எண்ணெய் நாளை எங்கே இருக்கும் என்பதைக் கணிக்க இரண்டு அம்புகள் போதும். ஒன்று நீரோட்டம்: எண்ணெய் அதே வேகத்தில் அதோடு போகும். மற்றொன்று காற்று: காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு எண்ணெயைத் தள்ளும். நொடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் நொடிக்கு 0.3 மீட்டர். ஒரு நாளில் சுமார் 26 கிலோமீட்டர். இரண்டு அம்புகளையும் வெக்டர் முறையில் கூட்டினால் திசையும் தூரமும் கிடைக்கும். மிதக்கும் தடுப்பை மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் போடுவதா, தெற்கே போடுவதா என்று முடிவெடுக்க இந்த விடை தேவை. மெர்போக்கின் சதுப்புநிலக் காட்டில் எண்ணெய் புகுந்துவிட்டால் வேர்களுக்கிடையே அதைத் துடைத்தெடுக்க முடியாது. மீன்குஞ்சும் இறாலும் வளரும் தொட்டில் அது.

நீரோட்டத்தைக் கரையிலிருந்தபடியே அளக்கலாம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலும் கடலூரிலும் இதற்கான ரேடார்களை நிறுவியிருக்கிறது. அவை அனுப்பும் வானொலி அலை, கடல் அலைகளில் பட்டுத் திரும்புகிறது. நீர் ரேடாரை நோக்கி ஓடினால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும், விலகி ஓடினால் குறையும். ஆம்புலன்ஸ் வண்டி நெருங்கும்போதும் விலகும்போதும் சங்கொலி மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவு. ஒரு ரேடாருக்கு நீர் தன்னை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பது மட்டுமே தெரியும். குறுக்கே ஓடினால் தெரியாது. அதனால்தான் இரண்டு ஊர்களில் இரண்டு ரேடார்கள். இரண்டு கோணத்து விடைகளையும் சேர்த்தால் முழு அம்பும் கிடைத்துவிடும்.

மிதவைகளுக்குத்தான் ஆயுள் குறைவு. அதே கழகம் 1990-களிலிருந்து வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் தரவு மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. அவற்றை அடிக்கடி சேதப்படுத்துவது புயல் மட்டுமல்ல, மீன்பிடிப் படகுகளும்தான். மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும். நம் மலாய் மீனவர்கள் தென்னை ஓலையில் உஞ்சாம் கட்டி மீனைக் கூட்டுவது அதனால்தானே. மிதவையைக் கண்ட படகுகள் அதிலேயே கயிற்றைக் கட்டுகின்றன, வலை சிக்குகிறது, உணரி அறுந்துபோகிறது. மீனவரைத் திட்டிப் பயனில்லை. அந்த மிதவை அனுப்பும் அலை உயரமும் காற்றின் வேகமும்தான் நாளைக்குத் தன் படகுக்கு வரும் எச்சரிக்கை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த எச்சரிக்கை அவர் மொழியில் அவர் கைப்பேசிக்கு வரவும் வேண்டும்.

சிறு படகுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி இருக்கும். கப்பலின் பெயரை அறிவிப்பதோடு, அதன் இடம், வேகம், திசை ஆகியவற்றைப் பயணத்தின்போது சில நொடிகளுக்கு ஒருமுறை அது வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். அனைத்துலகப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது 2004 முதல் கட்டாயம். யான் ஆற்று முகத்துவாரத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் நார்க்கண்ணாடிப் படகு அந்த விதிக்குள் வராது. கப்பலின் திரையில் அதற்குப் பெயரில்லை. ரேடாரிலும் அது மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் நார்க்கண்ணாடியும் மரமும் ரேடார் அலையை நன்றாகத் திருப்பி அனுப்புவதில்லை.

இதற்கு விலை குறைந்த உதவி ஒன்று உண்டு. மூன்று உலோகத் தகடுகளை, பெட்டியின் உள்மூலை போல ஒன்றுக்கொன்று செங்குத்தாக இணைத்தால், அதற்குள் வரும் ரேடார் அலை மூன்று தகடுகளிலும் பட்டு, எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திரும்பிவிடும். மின்சாரமே தேவையில்லை. எல்லாப் பக்கமும் தெரிவதற்காக இத்தகைய எட்டு மூலைகளை ஒன்றாகச் சேர்த்துப் படகின் கம்பத்தில் உயரமாகக் கட்டுவார்கள். உங்கள் மிதிவண்டியின் பின்னால் இருக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதே மூலைகள் நூற்றுக்கணக்கில் அங்கே இருக்கும்.